இடிந்தவற்றை எழுப்பியவர்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மாலை. பிரான்ஸின் தலைநகரான பாரிஸில், சேன் ஆற்றின் கரைகளில் மக்கள் திரண்டு நின்றனர். ஆற்றின் நடுவே உள்ள தீவில், எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நிற்கும் நோட்ர டாம் பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. கூரையின் நடுவில் வானை நோக்கி உயர்ந்து நின்ற கூர்கோபுரம் தீயில் சிக்கிச் சாய்ந்தது. பிறகு முறிந்து விழுந்தது. கூடியிருந்தவர்களில் பலர் கண்ணீர் விட்டனர். தொலைக்காட்சி வழியாக அந்தக் காட்சியை உலகமே பார்த்தது.

அன்று விழுந்த கூர்கோபுரமும் பேராலயத்தைப் போலவே 800 ஆண்டுப் பழைமை உடையது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அதன் வயது 160 ஆண்டுகள் மட்டுமே. அதை வடிவமைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூஜேன் வியோலே-லெ-டூக். கட்டடக் கலைஞர், கலை வரலாற்று ஆய்வாளர், ஓவியர், எழுத்தாளர் எனப் பல துறைகளில் சிறந்து விளங்கியவர் அவர். பிரான்ஸின் பழம்பெரும் கட்டடங்கள் பலவற்றை அழிவிலிருந்து மீட்ட பெருமை அவருக்கு உண்டு. அதே வேளையில், அக்கட்டடங்களைத் தம் கற்பனைக்கு ஏற்ப மாற்றிவிட்டார் என்ற குறைகூறலும் அவர்மீது உண்டு. பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைப்பவர் எந்த அளவுக்குச் செல்லலாம் என்னும் கேள்வி, அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்தது.

இளமையும் கல்வியும்

வியோலே 1814ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். அவருடைய தந்தை அரச மாளிகைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்த அரசு அதிகாரி. அரிய நூல்களைத் தேடிச் சேர்ப்பதில் ஆர்வம் மிக்கவர். தாய்மாமனான டெலெக்லூஸ் ஓவியர், கலைத் திறனாய்வாளர். அவரைக் காண எழுத்தாளர்களும் கலைஞர்களும் அடிக்கடி வீட்டிற்கு வருவர். கலை, இலக்கியம், அரசியல் எனப் பல பொருள்களைப் பற்றி அவர்கள் விவாதிப்பர். இத்தகைய சூழலில் வளர்ந்த வியோலே, சிறு வயதிலேயே பென்சிலும் தாளுமாகத் திரியத் தொடங்கினார். ஓவியம் வரைவதன் அடிப்படைகளைத் தாய்மாமனிடமே கற்றார்.

1830ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸ் மக்கள் மன்னராட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அப்போது 16 வயதே ஆகியிருந்த வியோலே, தெருவில் தடுப்பரண் அமைப்பவர்களுடன் சேர்ந்துகொண்டார். அதே துணிவு அவருடைய கல்வியிலும் வெளிப்பட்டது. அந்நாளில் பிரான்ஸில் கட்டடக் கலைஞராக விரும்புவோர் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் சேர்வதே வழக்கம். அங்குப் பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களே சிறந்த முன்மாதிரிகளாகக் கற்பிக்கப்பட்டன. வியோலேயின் குடும்பத்தினரும் அவரை அப்பள்ளியில் சேருமாறு வற்புறுத்தினர். அவரோ மறுத்துவிட்டார். எல்லா மாணவர்களையும் ஒரே அச்சில் வார்த்தெடுக்கும் கல்வி தமக்கு வேண்டாம் என்று அவர் கருதினார்.

பள்ளியில் சேரவில்லை என்பதற்காக அவர் கற்பதை நிறுத்திவிடவில்லை. பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர்களின் பணிமனைகளில் வேலை பழகினார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பிரான்ஸின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்தார். ஊர்தோறும் உள்ள தேவாலயங்கள், கோட்டைகள், பாலங்கள் ஆகியவற்றின்முன் மணிக்கணக்கில் அமர்ந்து வரைந்தார். வெறும் தோற்றத்தை மட்டும் அவர் வரையவில்லை. இந்தத் தூண் எதைத் தாங்குகிறது, இந்த வளைவு ஏன் இங்கு நிற்கிறது, இந்தக் கல் எப்படி வெட்டப்பட்டுள்ளது எனக் காரணங்களையும் தேடினார். வரைவதே அவருக்குப் படிப்பாயிற்று.

1834ஆம் ஆண்டில் அவர் எலிசபெத் என்னும் பெண்மணியை மணந்தார். அதே ஆண்டு ஓர் ஓவியப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியப் பணியும் அவருக்குக் கிடைத்தது. 1836இல் இத்தாலிக்குச் சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தங்கினார். ரோம், சிசிலி முதலிய இடங்களில் கண்டவற்றையெல்லாம் வரைந்து குவித்தார். நாடு திரும்பியபோது அவரிடம் பட்டம் ஏதும் இல்லை. ஆனால், கூர்மையான பார்வையும் தேர்ந்த கையும் இருந்தன.

முதல் சோதனை

அக்காலத்தில் பிரான்ஸின் பழைய கட்டடங்கள் பரிதாபமான நிலையில் இருந்தன. 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின்போது பல தேவாலயங்கள் சூறையாடப்பட்டன. சில கிடங்குகளாக மாற்றப்பட்டன. வேறு சில இடித்து விற்கப்பட்டன. இடைக்காலத்தில் தோன்றிய கோதிக் கட்டடக் கலையைப் பலர் நாகரிகமற்றதாக எண்ணி இகழ்ந்தனர். எஞ்சியவற்றையாவது காக்க வேண்டும் என்ற எண்ணம் 1830களில்தான் வலுப்பெற்றது. வரலாற்றுச் சின்னங்களைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் பதவியை அரசு உருவாக்கியது. எழுத்தாளர் புரோஸ்பேர் மெரிமே 1834இல் அப்பதவியை ஏற்றார். அவர் வியோலேயின் குடும்பத்திற்கு அறிமுகமானவர்.

பர்கண்டிப் பகுதியில், வெசலே என்னும் சிற்றூரின் குன்றின்மேல் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மக்தலேனா தேவாலயம் இருக்கிறது. ஒரு காலத்தில் யாத்திரிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சென்ற இடம் அது. மெரிமே அதைப் பார்வையிடச் சென்றபோது சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தன. கல்லாலான வளைவுக் கூரை பிளந்திருந்தது. அவர் உள்ளே அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோதே மேலிருந்து சிறு கற்கள் உதிர்ந்து விழுந்தன. உடனே கவனிக்காவிட்டால் கட்டடம் முழுவதும் இடிந்துவிடும் என்பது அவருக்குத் தெளிவாகப் புரிந்தது.

1840ஆம் ஆண்டு அந்தப் பணி வியோலேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26. பெரிய கட்டடம் எதையும் அவர் அதற்குமுன் சீரமைத்ததில்லை. தவறு நேர்ந்தால் தேவாலயம் மட்டுமன்றி, அதில் வேலை செய்யும் தொழிலாளர்களின் உயிரும் போய்விடும்.

வியோலே அவசரப்படவில்லை. முதலில் கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் அளந்து வரைபடங்கள் தயாரித்தார். கூரையின் எடை எங்கே இறங்குகிறது, சுவர்கள் எதனால் சாய்ந்தன எனக் கண்டறிந்தார். பிறகு, வளைவுகளின்கீழ் மரத்தாலான தாங்கிகளை அமைத்தார். பழுதடைந்த வளைவுகளைப் பிரித்தெடுத்து, எடை குறைந்த முறையில் மீண்டும் கட்டினார். சுவர்களை வெளியிலிருந்து தாங்கும் பறக்கும் வளைவுகளைச் செம்மைப்படுத்தினார். தாங்கிகள் அகற்றப்பட்ட பிறகும் கூரை உறுதியாக நின்றது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடித்த அந்தப் பணி, வெசலே தேவாலயத்தைக் காப்பாற்றியது. இன்று அது உலக மரபுடைமைச் சின்னங்களுள் ஒன்று.

ஆயினும், அந்த முதல் பணியிலேயே பின்னாளைய விவாதத்தின் விதை விழுந்தது. அத்தேவாலயத்தின் சில வளைவுகள் பிற்காலத்தில் வேறு பாணியில் மாற்றிக் கட்டப்பட்டிருந்தன. கட்டடம் முழுவதும் ஒரே பாணியில் அமைய வேண்டும் என்று கருதிய வியோலே, அவற்றுள் சிலவற்றைப் பழைய பாணிக்கே மாற்றினார். கட்டடம் அழகிய ஒருமை பெற்றது. ஆனால், அதன் வரலாற்றில் ஒரு பக்கம் மறைந்தது.

நோட்ர டாம் பேராலயம்

பாரிஸ் நகரின் நோட்ர டாம் பேராலயத்தின் கட்டுமானப் பணி 1163ஆம் ஆண்டளவில் தொடங்கியது. புரட்சிக் காலத்தில் அதுவும் பெரும் சேதமடைந்தது. அதன் முகப்பில் வரிசையாக நின்ற 28 மன்னர்களின் சிலைகளைப் பிரெஞ்சு அரசர்களின் சிலைகள் எனப் புரட்சியாளர்கள் எண்ணினர். ஆகவே, 1793இல் அவற்றைக் கீழே தள்ளி உடைத்தனர். உண்மையில் அவை விவிலியத்தில் குறிப்பிடப்படும் யூதேயா நாட்டு மன்னர்களின் சிலைகள். கூரையின் நடுவே இருந்த பழைய கூர்கோபுரமும் காற்றால் பழுதடைந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்டது.

1831இல் விக்டர் ஹியூகோ அப்பேராலயத்தைக் களமாகக் கொண்டு ஒரு நாவலை எழுதினார். அந்நாவல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதைப் படித்த மக்கள், சிதைந்து கிடந்த பேராலயத்தைப் புதிய கண்களால் பார்க்கத் தொடங்கினர். அதைச் சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அரசு நடத்திய போட்டியில் வியோலேயும் அவருடைய நண்பர் லாசுவும் இணைந்து கலந்துகொண்டனர். 1844இல் அவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அவர்கள் இருவரும் 1843இல் அளித்த அறிக்கை மிகவும் அடக்கமானது. சீரமைப்பவர் தம் சொந்த விருப்பங்களை ஒதுக்கிவைக்க வேண்டும். பழைய கட்டடத்தின் போக்கிற்குப் பணிந்து நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1845இல் பணிகள் தொடங்கின. கற்கொத்தர்கள், தச்சர்கள், சிற்பிகள், கண்ணாடி ஓவியக் கலைஞர்கள் எனப் பலரும் அதில் ஈடுபட்டனர். இடைக்காலக் கைவினை முறைகளை மறந்துவிட்ட ஒரு தலைமுறைக்கு, அம்முறைகளை மீண்டும் கற்றுத்தர வேண்டியிருந்தது. சிற்பிகள் மற்ற பேராலயங்களில் தப்பிப் பிழைத்த சிலைகளை ஆராய்ந்தனர். அவற்றைத் துணையாகக் கொண்டு, உடைக்கப்பட்ட 28 மன்னர்களின் சிலைகளைப் புதிதாகச் செதுக்கினர்.

1857இல் லாசு காலமானார். அதன்பின் முழுப் பொறுப்பும் வியோலேயின் தோளில் விழுந்தது. அடக்கமாகத் தொடங்கிய பணி, அவர் கைகளில் மேலும் துணிவான வடிவம் பெற்றது. காணாமற்போன கூர்கோபுரத்திற்குப் பதிலாக, அதைவிட உயரமான, அலங்காரம் மிகுந்த கூர்கோபுரம் ஒன்றை அவர் வடிவமைத்தார். ஏறத்தாழ 500 டன் ஓக் மரமும் 250 டன் ஈயமும் கொண்டு எழுந்த அது, தரையிலிருந்து 96 மீட்டர் உயரத்தை எட்டியது. 1859இல் அதன் கட்டுமானம் நிறைவடைந்தது.

கூர்கோபுரத்தின் அடிப்பகுதியைச் சுற்றி 16 செப்புச் சிலைகள் வைக்கப்பட்டன. அவற்றுள் 12 சிலைகள் இயேசுவின் சீடர்களுடையவை. பதினொரு சீடர்கள் பாரிஸ் நகரை நோக்கி நிற்கின்றனர். கட்டடக் கலைஞர்களின் காவலராகக் கருதப்படும் தோமா மட்டும் திரும்பி, கூர்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். அந்தத் தோமாவின் முகம் வியோலேயின் முகமே. சீரமைப்பவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் எழுதியவர், இறுதியில் தம் உருவத்தையே பேராலயத்தின் கூரைமேல் நிறுத்திவிட்டார்.

பேராலயத்தின் இரு கோபுரங்களுக்கு இடையே உள்ள மேல்தளத்தில், கொம்பும் சிறகும் கொண்ட விந்தை விலங்குகளின் சிலைகள் உள்ளன. பாரிஸுக்குச் செல்லும் சுற்றுப்பயணிகள் அவற்றை இடைக்காலச் சிற்பங்கள் என எண்ணிப் படமெடுப்பதுண்டு. ஆனால், அந்த 54 சிலைகளும் வியோலேயின் கற்பனையில் பிறந்தவை. 1864ஆம் ஆண்டு மே மாதம் பேராலயம் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது.

கோட்டைகளும் அரண்மனையும்

பிரான்ஸின் தெற்கே உள்ள கர்கசோன் நகரம் இரட்டை மதில்களால் சூழப்பட்டது. நாட்டின் எல்லை மாறியதும் அதன் கோட்டைக்கு இருந்த இராணுவ முக்கியத்துவம் குறைந்தது. மதில்கள் சிதைந்தன, மக்கள் அவற்றின் கற்களைப் பெயர்த்தெடுத்தனர். 1850ஆம் ஆண்டளவில் அரசே கோட்டையை இடித்துவிட முடிவு செய்தது. அவ்வூரைச் சேர்ந்த வரலாற்று ஆர்வலர் குரோ-மேரவியேயும் மெரிமேயும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். அரசு தன் முடிவைக் கைவிட்டது. 1853இல் சீரமைப்புப் பணி வியோலேயின் தலைமையில் தொடங்கியது. 52 கோபுரங்களைக் கொண்ட அக்கோட்டை, கதைகளில் வரும் கோட்டையைப் போல மீண்டும் எழுந்தது. 1997இல் அது உலக மரபுடைமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எனினும், அங்கும் குறைகூறல் எழுந்தது. வியோலே பல கோபுரங்களுக்குக் கூம்பு வடிவக் கூரைகளை அமைத்து, அவற்றின்மேல் கருநிறக் கற்பலகைகளை வேய்ந்தார். அத்தகைய கூரைகள் வடக்குப் பிரான்ஸுக்கு உரியவை என்றும், தெற்கில் சரிவு குறைந்த ஓட்டுக் கூரைகளே வழக்கம் என்றும் பலர் சுட்டிக்காட்டினர். பின்னாளில் சில கோபுரங்களின் கூரைகள் ஓட்டுக் கூரைகளாக மாற்றப்பட்டன.

பியர்ஃபோன் கோட்டையில் நடந்தது அதைவிடப் பெரிய மாற்றம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர்க்கப்பட்ட அக்கோட்டை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பாழடைந்து கிடந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதன் ஒரு பகுதியை மட்டும் சீரமைக்குமாறு முதலில் கேட்டுக்கொண்டார். பின்னர், அது முழு அரண்மனையாக மாற வேண்டும் என விரும்பினார். வியோலே இடிபாடுகளின்மேல் கோட்டையை எழுப்பினார். உள்ளறைகளின் வண்ண ஓவியங்கள், மரவேலைப்பாடுகள், சிற்பங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் அவரே வடிவமைத்தார். அது பழைய கோட்டையின் மீட்பா அல்லது புதிய கட்டடமா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

நூல்களும் வகுப்பறையும்

கட்டடங்களைச் சீரமைத்தபோது கற்றவற்றை வியோலே தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. 11ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான பிரெஞ்சுக் கட்டடக் கலையைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றை எழுதினார். பத்துத் தொகுதிகளைக் கொண்ட அது, 1854 முதல் 1868 வரை வெளிவந்தது. அகர வரிசையில் அமைந்த அந்நூலுக்கு ஆயிரக்கணக்கான படங்களையும் அவர் வரைந்தார். வளைவு, தூண், கதவு, பூட்டு என ஒவ்வொன்றும் எதற்காக, எப்படிச் செய்யப்பட்டது என்பதை அவர் விளக்கினார். கோதிக் கட்டடங்களில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் வெறும் அலங்காரம் அன்று. அதற்கு ஒரு வேலை உண்டு என்பதே அவருடைய வாதம். இகழப்பட்ட ஒரு கலையை, அறிவார்ந்த கலை எனப் பலர் ஏற்றுக்கொள்ள அந்நூல் வழிவகுத்தது.

சீரமைப்பு என்றால் என்ன என்பதற்கும் அந்நூலில் அவர் விளக்கம் தந்தார். ஒரு கட்டடத்தைச் சீரமைப்பது என்பது அதைப் பேணுவதோ பழுது பார்ப்பதோ மட்டுமன்று என்றார். எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமையான நிலைக்குக்கூட அதைக் கொண்டுவரலாம் என்பது அவருடைய கருத்து. அவருடைய ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இன்றுவரை திரும்பத் திரும்ப விவாதிக்கும் கருத்து அதுவே.

1863ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஓர் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. இளம் வயதில் அவர் சேர மறுத்த அதே நுண்கலைப் பள்ளியை அரசு சீர்திருத்த முனைந்தது. கலை வரலாறும் அழகியலும் கற்பிக்கும் பேராசிரியராக வியோலே நியமிக்கப்பட்டார். 1864இன் தொடக்கத்தில் அவர் வகுப்பைத் தொடங்கினார். ஆனால், தங்கள் பள்ளியை நெடுங்காலமாகக் குறைகூறிவந்தவரை மாணவர்கள் ஏற்கவில்லை. அவர் பேசத் தொடங்கியதும் கூச்சலிட்டனர். அவரைப் பேசவே விடவில்லை. ஏழு விரிவுரைகளுக்குப் பின் அவர் பதவி விலகினார்.

அந்தத் தோல்வி அவரை முடக்கிவிடவில்லை. வகுப்பறையில் சொல்ல முடியாதவற்றை எழுத்தில் சொன்னார். கட்டடக் கலை பற்றிய அவருடைய விரிவுரைகள் 1863இலும் 1872இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தன. பழைய காலத்தின் தோற்றத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதால் பயனில்லை. பழைய கட்டடங்கள் தரும் அறிவைக் கொண்டு, இரும்பு போன்ற புதிய பொருள்களால் புதிய கட்டடங்களைப் படைக்க வேண்டும் என்று அவற்றில் வலியுறுத்தினார். ஸ்பெயினின் அந்தோனி கவுடி, அமெரிக்காவின் ஃபிராங்க் லாய்ட் ரைட் போன்ற பிற்காலக் கட்டடக் கலைஞர்களிடம் அவருடைய சிந்தனைகளின் தாக்கத்தைக் காணலாம். அவரை வகுப்பிலிருந்து விரட்டிய மாணவர்கள் சிலரே. அவருடைய நூல்களிலிருந்து கற்றவர்களோ பல நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இறுதிக் காலம்

1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. அப்போது 56 வயதாகியிருந்த வியோலே, பாரிஸ் நகரைப் பாதுகாக்கும் பொறியாளர் படையில் பணியாற்றினார். அவரை ஆதரித்த பேரரசர் பதவி இழந்தார். பியர்ஃபோன் கோட்டையின் வேலைகளும் தடைபட்டன.

அதன் பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கோடைக்காலங்களில் ஆல்ப்ஸ் மலைத்தொடருக்குச் சென்று, மோன் பிளான் மலைப்பகுதியை நடந்தே ஆராய்ந்தார். மழையாலும் பனியாலும் சிதைந்த மலையும் அவர் கண்களுக்கு இடிந்த கட்டடம் போலவே தெரிந்தது. அதன் பழைய வடிவம் எப்படி இருந்திருக்கும் என அவர் சிந்தித்தார். 1876இல் அம்மலையின் நுட்பமான வரைபடத்தை வெளியிட்டார்.

இளையர்களுக்காகவும் அவர் எழுதினார். 1873இல் வெளிவந்த கதைநூல் ஒன்றில், பால் என்னும் சிறுவன் தன் அக்காவுக்காக ஒரு வீட்டை வடிவமைக்கிறான். நிலத்தை அளப்பது முதல் கூரை வேய்வது வரை அவன் கற்பதைப் படிக்கும் வாசகரும் அவனுடன் சேர்ந்து கற்றுக்கொள்கிறார். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் தொடக்கக்காலப் பணிகளிலும் வியோலே சிற்பி பார்த்தோல்டிக்கு ஆலோசகராக இருந்தார். அவர் மறைந்த பிறகே, சிலையின் உட்புற இரும்புச் சட்டத்தை அமைக்கும் பொறுப்பு கஸ்தாவ் ஐஃபெலிடம் சென்றது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரப் பேராலயத்தைச் சீரமைக்கும் பணியே அவரை அந்நகரத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கு அவர் தமக்கென ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டார். 1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தம் 65ஆம் வயதில் லோசானிலேயே காலமானார். பிரான்ஸின் சிறந்த சிற்பங்களின் வார்ப்புகளை ஒரே இடத்தில் வைத்து மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் முன்வைத்த திட்டம், 1882இல் பாரிஸில் அருங்காட்சியகமாக மலர்ந்தது.

முடியாத விவாதம்

வியோலே வாழ்ந்த காலத்திலேயே அவருடைய வழிமுறைக்கு எதிர்ப்பு இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜான் ரஸ்கின், சீரமைப்பு என்ற பெயரில் பழைய கட்டடங்களை மாற்றுவது அவற்றை அழிப்பதற்கு ஒப்பாகும் என்று கருதினார். காலத்தின் தழும்புகளும் கட்டடத்தின் வரலாறே என்பது அவருடைய வாதம். கட்டடத்தை நாள்தோறும் பேணினால் சீரமைக்கும் தேவையே எழாது என்றும் அவர் சொன்னார். ஆனால், வியோலேயின் கைக்கு வந்த கட்டடங்கள் பல, பேணும் நிலையைக் கடந்து இடியும் நிலையில் இருந்தவை.

1964இல் வெனிஸ் நகரில் கூடிய பல நாட்டு வல்லுநர்கள், மரபுடைமைச் சின்னங்களைச் சீரமைப்பதற்கான விதிமுறைகளை வகுத்தனர். சான்று முடிந்து ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்ப்பது புதியது எனத் தெரிய வேண்டும் என்பன அவற்றுள் சில. அவ்விதிமுறைகளின்படி பார்த்தால், வியோலே பல இடங்களில் எல்லையைத் தாண்டியவரே. துலூஸ் நகரில் உள்ள சென் செர்னான் தேவாலயத்தின் மேற்பகுதியில் அவர் செய்த மாற்றங்கள், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீக்கப்பட்டன. அவர் வருவதற்கு முன்பிருந்த தோற்றம் அக்கட்டடத்திற்குத் திரும்ப அளிக்கப்பட்டது.

நோட்ர டாம் பேராலயத்திலோ இதற்கு நேர்மாறாக நடந்தது. 2019ஆம் ஆண்டுத் தீவிபத்திற்குப் பின், புதிய கூர்கோபுரம் எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதம் எழுந்தது. நம் காலத்திற்கு ஏற்ற புதிய வடிவம் வேண்டும் என்றனர் சிலர். மக்கள் பழகிய வடிவமே வேண்டும் என்றனர் வேறு சிலர். 2020இல் முடிவு எட்டப்பட்டது: வியோலேயின் வடிவத்தையே மீண்டும் எழுப்புவது. அவர் விட்டுச்சென்ற வரைபடங்களும் குறிப்புகளும் அதற்குத் துணைநின்றன. கூர்கோபுரத்திற்கும் அதை ஒட்டிய கூரைப்பகுதிக்கும் ஏறத்தாழ 1,000 ஓக் மரங்கள் பயன்படுத்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

தீவிபத்திற்கு நான்கு நாள் முன்னதாக, கூர்கோபுரத்தைச் சுற்றியிருந்த 16 செப்புச் சிலைகளும் பழுதுபார்ப்பதற்காகக் கீழே இறக்கப்பட்டிருந்தன. அதனால் அவை தப்பின. வியோலேயின் முகத்தைக் கொண்ட தோமாவின் சிலையும் அவற்றுள் ஒன்று.

19ஆம் நூற்றாண்டில் புதுமை எனக் குறைகூறப்பட்ட கூர்கோபுரம், 21ஆம் நூற்றாண்டில் காக்கப்பட வேண்டிய மரபுடைமையாகிவிட்டது. இன்று புதியதாக இருப்பதும் ஒருநாள் பழையதாகும். வியோலே எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால், ஒரு கட்டடத்தைத் தொடுவதற்குமுன் அதைப் பார்த்தார், அளந்தார், வரைந்தார், அதன் காரணங்களைப் புரிந்துகொண்டார். முன்னோர் விட்டுச்சென்ற எதையும் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து கற்க வேண்டிய பாடம் அது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதோ, அவர் முழுமையாக விடை சொல்லாமல் அடுத்த தலைமுறைகளிடம் விட்டுச்சென்ற கேள்வி.